ஸ்கோப்பில் கறுப்பு வளையம், கழுத்தில் வலி: ரைஃபிளில் கன்னம் சரியாக உட்கார ஸ்கோப்பின் உயரத்தைச் சரிசெய்வது எப்படி

போன ஜூனில் தென்னாப்பிரிக்காவின் எம்குஸே பக்கம் ஒரு பண்ணையில் நடந்தது. அக்கா மகன் முதல் தடவையாக வேட்டைக்கு வந்திருந்தான். கையில் என் அப்பா விட்டுப்போன பிர்னோ ரைஃபிள், 30-06 தோட்டாவுக்கானது. மூன்று கால் கம்பின் மேல் ரைஃபிளை வைத்து நின்றான். 120 மீட்டர் தூரத்தில் ஓர் ஆண் இம்பாலா பக்கவாட்டில் நின்றது. அவன் தலையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். "மாமா, உள்ள ஒண்ணும் தெரியல, கறுப்பாத்தான் இருக்கு" என்று கிசுகிசுத்தான். இம்பாலா இரண்டு முறை காதை ஆட்டிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. முந்தின வாரம்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மேசையில் உட்கார்ந்து, இதே ரைஃபிளால் மூன்று குண்டையும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் போட்டிருந்தான்.

பையன் மேல் தவறில்லை. ரைஃபிளின் மேல் மாட்டியிருந்த ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை. அப்பா கடைசிவரை இரும்புக் குறிகளை வைத்தே சுட்டவர். ஸ்கோப்பை நான்தான் பிறகு மாட்டினேன். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் ரிங் வாங்கப் போன இடத்தில், "50 மி.மீ. லென்ஸ் என்றால் உயரமான ரிங்தான்" என்றார்கள், வாங்கி வந்துவிட்டேன். லென்ஸ் எவ்வளவு பெரியது என்று பார்த்தோமே தவிர, அதன் பின்னால் வரப்போகும் முகம் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதைதான் அது.

முதலில் கன்னம், தோளில் வைக்கும் கட்டையில் எங்கே தானாக உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். அப்போது கண் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்துக்கு ஸ்கோப்பின் மையம் வர வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு கோளாறும் இந்த இரண்டு உயரமும் ஒத்துப்போகாததால் வருவது, அல்லது அப்படித் தோன்றி ஏமாற்றுவது. கட்டையில் கன்னம் பதியும் மேல்விளிம்பை இங்கே 'முகடு' என்று சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுத் தடவி, தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறோர் அறையில் இருக்கட்டும். ரைஃபிள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே கூடாது. கண் எங்கே வருகிறது என்று பார்க்க ஒருவரைக் குழலுக்கு முன்னால் நிற்கச் சொல்லும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ரைஃபிள் காலியாக இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், வேட்டைக்குப் போடும் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் வேட்டை. தடித்த ஜாக்கெட் தோளில் ஒன்றிரண்டு செ.மீ. சேர்த்துவிடும், அந்த அளவுக்குக் கண்ணும் பின்னால் போய்விடும். மெல்லிய சட்டையோடு வீட்டுக் கூடத்தில் அளவு பார்த்தால் அது வேறு அளவு.

ஸ்கோப்பில் உருப்பெருக்கத்தை உச்சத்துக்கு வையுங்கள். தூரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். மூடியபடியே ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் இதமாகச் சாயுங்கள், தலையணையில் தலை வைப்பது போல. கழுத்து தளர்ந்திருக்கட்டும். இப்போது கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமல் முழு வட்டமும் பளிச்சென்று தெரிந்தால் உங்கள் ரைஃபிளுக்கு ஒரு குறையும் இல்லை. தெரியவில்லை என்றால், தலையை எந்தப் பக்கம் நகர்த்தியபோது படம் தெளிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலேயா, கீழேயா, முன்னேயா, பின்னேயா? உட்கார்ந்து, படுத்து, கம்பில் வைத்து நின்று என்று மூன்று நிலையிலும் ஐந்தைந்து முறை செய்யுங்கள். ஒரு தடவை செய்து முடிவு கட்ட வேண்டாம். முதல் தடவை கண்ணைத் திறந்ததும் கழுத்து தானாகவே இடத்தைச் சரிசெய்துகொள்ளும், நமக்கே தெரியாது.

இன்னொன்று. நிழல் வட்டத்தின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை மட்டும் வைத்துக் கண் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. கண் ஸ்கோப்புக்கு மிக அருகில் இருந்தால் ஒரு பக்கம் விழும் நிழல், மிகத் தள்ளி இருந்தால் எதிர்ப்பக்கம் விழும். எந்த அசைவு நிழலைப் போக்குகிறது என்பதுதான் நம்பகமான அடையாளம்.

"கன்னத்தை எடுத்தால்தான் படம் தெரிகிறது"

நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான். கண்ணைத் திறந்ததும் கறுப்பு. தலையைத் தூக்கினால் தெளிகிறது. ஆனால் அப்போது கன்னம் கட்டையை விட்டு எழுந்து, தாடை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடும்போது இது தெரியவே தெரியாது. அங்கே நேரம் இருக்கிறது, தலை தானாக நிமிர்ந்து இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கம்பில் நின்று ஐந்து நொடிக்குள் சுட வேண்டும் என்றால்தான் வெளிப்படும்.

கண்ணைவிட ஸ்கோப் உயரத்தில் இருக்கிறது. ரிங் தேவைக்கு மேல் உயரமாக இருக்கலாம், முகடு தாழ்வாக இருக்கலாம், இரண்டுமே இருக்கலாம். இரும்புக் குறிகளுக்கென்று செதுக்கிய பழைய கட்டைகளில் முகடு தாழ்ந்துதான் இருக்கும், ஏனென்றால் அந்தக் குறிகள் குழலை ஒட்டியே இருந்தன. அவற்றின் மேல் 50 அல்லது 56 மி.மீ. ஸ்கோப்பை ஏற்றினால் கண்ணுக்கும் மையத்துக்கும் விரற்கடை இடைவெளி விழுந்துவிடும். இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளின் பெட்டகத்தில் பழைய பிர்னோவும் மஸ்கிரேவும் மௌசரும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் முதலில் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணளவில் சொல்ல வேண்டாம், ஒரு போன் போதும். ஸ்கோப்பைக் கழற்றிவிடுங்கள். கண்ணை மூடி, கன்னம் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து சுவரில் நேராக ஒரு புள்ளியைப் பாருங்கள். வலக்கைக்காரர் என்றால் வலப்பக்கத்திலிருந்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கேமராவைக் கண் மட்டத்தில் பிடித்து வீட்டில் ஒருவர் படமெடுக்கட்டும். படத்தில் ரெயிலின் (ரைஃபிள் மேல் ரிங் மாட்டும் பட்டையின்) மேல்பரப்பை ஒட்டி ஒரு கோடு இழுத்துக் கண்ணுக்குக் கீழே வரை நீட்டுங்கள். அந்தக் கோட்டுக்கும் கண்ணின் கருமணிக்கும் இடையிலுள்ள தூரம்தான் வேண்டியது. பிக்காட்டினி ரெயில் என்றால் அளவுகோல் படத்திலேயே இருக்கிறது, ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குச் சரியாக 10 மி.மீ. பிர்னோ, சி.இசட். போல ரிசீவரிலேயே (போல்ட் ஓடும் உலோக உடலிலேயே) 19 மி.மீ. டவ்டெயில், அதாவது சரிந்த பக்கமுள்ள பட்டை, வெட்டிய ரைஃபிள்களில் ஒரு துண்டு ஸ்கேலை டேப்பால் ஒட்டிவிட்டுப் படமெடுங்கள். ஐந்து படம் எடுத்துச் சராசரி பாருங்கள். அதிகம் வித்தியாசப்பட்டால் கன்னம் இன்னும் ஓரிடத்தில் பழகவில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் காலி ரைஃபிளோடு பழகிவிட்டு மறுபடி எடுங்கள்.

இனி ரிங்கை எவ்வளவு தாழ்த்தலாம் என்று பார்க்க வேண்டும். 50 மி.மீ. என்று எழுதியிருப்பது கண்ணாடியின் அளவு. அதைச் சுற்றியுள்ள உலோகக் கூடு 57, 58 மி.மீ. வரும். காலிப்பரால் அளந்து அதில் பாதி எடுங்கள், 29 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுக்கும் குழலுக்கும் நடுவே 3 மி.மீ. விடுங்கள். மொத்தம் 32. கூடு வந்து நிற்கும் இடத்தில் குழலின் மேற்பக்கம், ரெயிலின் மேல்பரப்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து, அதைக் கழியுங்கள். 10 மி.மீ. தாழ்ந்திருந்தால், ரெயிலிலிருந்து ரிங்கின் மையம் வரை குறைந்தது 22 மி.மீ. வேண்டும். லென்ஸ் மூடி கூட்டின் வெளியே கவ்வுகிற மாதிரி என்றால் அதன் தடிமனையும் சேர்க்க மறக்காதீர்கள்.

ரிங் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 'தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது' என்ற பெயர்களுக்குப் பொது அளவு கிடையாது. ஒருவர் தாழ்ந்தது என்பது இன்னொருவரின் நடுத்தரம். மில்லிமீட்டரில் எழுதியிருந்தாலும், சிலர் ரெயிலிலிருந்து ரிங்கின் மையம் வரை அளக்கிறார்கள், சிலர் ஸ்கோப்பின் அடிப்பாகம் உட்காரும் இடம் வரை அளக்கிறார்கள். 30 மி.மீ. ஸ்கோப் குழாய்க்கு இந்த இரண்டுக்கும் 15 மி.மீ. வித்தியாசம், ஓர் அங்குலக் குழாய்க்கு 12.7. எந்த அளவு என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் பிர்னோவில் கணக்கு இப்படி வந்தது. மாட்டியிருந்த ரிங்கின் மையம் 31 மி.மீ. குறைந்தபட்சம் 22 போதும். பையனின் கண் 17-இல் இருந்தது. 14 மி.மீ. வித்தியாசத்தை அவன் கழுத்துதான் சுமந்துகொண்டிருந்தது. ரிங்கை மாற்றி 9 மி.மீ. இறக்கினோம். மிச்சம் 5 மி.மீ.யை முகட்டை உயர்த்தி ஈடுகட்டினோம்.

முகட்டை உயர்த்தக் கடையில் தோல் உறையும் துணி உறையும் கிடைக்கின்றன, நல்லவைதான். ஆனால் எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியாமல் வாங்க வேண்டாம். முகாமுக்குக் கொண்டுபோகும் நுரைப்பாயை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, முகட்டின் மேல் ஓர் அடுக்கு வையுங்கள், மருந்துக்கடை க்ரேப் பேண்டேஜால் சுற்றுங்கள். கண்மூடிச் சோதனையைச் செய்யுங்கள். போதாவிட்டால் இன்னோர் அடுக்கு. கன்னத்துச் சதை நுரையை அமுக்கும் என்பதால் 5 மி.மீ. அடுக்கு கண்ணை முழு 5 மி.மீ. உயர்த்தாது. அதனால்தான் கணக்கோடு நிற்காமல் முகத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அடுக்கின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தடிப்பாக இருக்கக் கூடாது, அதன் காரணத்தைக் கன்ன எலும்பு வலிக்கிற இடத்தில் சொல்கிறேன்.

சுற்றி முடித்ததும் போல்ட்டை முழுவதும் பின்னால் இழுத்துப் பாருங்கள். 30-06 போன்ற நீளமான போல்ட்டுகள் முகட்டின் மேலாக வெகுதூரம் வரும், உயர்த்திய முகட்டில் முட்டினால் அடுத்த தோட்டா ஏறாது. முட்டினால் அடுக்கின் முன் முனையை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளுங்கள். டர்பன், ரிச்சர்ட்ஸ் பே என்று கடற்காற்றும் ஈரமும் உள்ள பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேண்டேஜ் வியர்வையையும் பனியையும் குடித்து வைத்துக்கொள்ளும். அது இரும்பைத் தொடாமல் மரத்தோடு நிற்கட்டும். பெட்டகத்தில் பூட்டும் முன் அவிழ்த்துக் காய வையுங்கள். ஒரே இரவில் ரிசீவரின் வாலில் துரு பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"கன்னத்தை அழுத்தி நசுக்கினாலும் கண் இறங்க மாட்டேன் என்கிறது"

இது நேரெதிர். கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் மேல்விளிம்பு தெரிகிறது, முகத்தைக் கட்டையில் புதைத்தால்தான் வட்டம் முழுசாகிறது. பத்து நிமிடத்தில் பிடரி கடுக்கிறது. முகடு உயர்ந்த புதுவகைக் கட்டைகளிலும், அகலமான கன்ன எலும்பு உள்ளவர்களிடமும், படுத்துச் சுடுகிறவர்களிடமும் இதை அடிக்கடி பார்க்கலாம். படுக்கும்போது கழுத்து ஏற்கெனவே பின்னால் வளைந்திருக்கிறது, தாழ்ந்த ஸ்கோப் அதை இன்னும் வளைக்கச் சொல்கிறது.

இதற்குக் காரணம் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அறிவுரைதான்: 'ஸ்கோப்பை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்து.' முகடு தாழ்ந்திருந்த காலத்துக்கு அது சரியான அறிவுரை. எல்லாக் கட்டைக்கும் எல்லா முகத்துக்கும் அது சரிவராது. உயர்த்தினால் குறி கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்கோப்பை 12 மி.மீ. உயர்த்தி, மறுபடி 100 மீட்டருக்கு ஸீரோ செய்தால் (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்), 50 மீட்டரில் குண்டு முன்பைவிட 6 மி.மீ. கீழே போகும். 200-இல் 12 மி.மீ. மேலே, 300-இல் 24 மி.மீ. மேலே. இம்பாலாவின் உயிர்நிலை அளவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கழுத்து வலியோடு அவசரமாகச் சுட்ட குண்டு அதைவிடப் பல மடங்கு விலகும்.

எனவே படத்தில் அளந்த கண் உயரத்துக்கு நிகரான மையமுள்ள ரிங்கை வாங்குங்கள், அவ்வளவுதான். முகட்டைச் செதுக்கிக் குறைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மரம் ஒருமுறை போனால் போனதுதான், ரிங் விலை குறைவு. சரிசெய்யக்கூடிய முகடு உள்ள கட்டை என்றால் முதலில் அதை இறக்கிப் பாருங்கள், செலவே இல்லாமல் முடிந்துவிடலாம்.

"மேசையில் நன்றாகத் தெரிகிறது, கம்பில் நின்றால் கறுப்பு"

இங்கே உடனே உயரத்தில் கை வைக்காதீர்கள். நின்று சுடும்போது தலை நிமிர்ந்து பின்னால் போகும். படுத்தால் முன்னால் ஊர்ந்து வரும். ஒரே ஆளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. வரை மாறலாம். வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் கண்ணிலிருந்து 85 முதல் 100 மி.மீ. தள்ளி இருக்கும்போதுதான் முழுப் படம் தரும். மேசையில் உட்கார்ந்து அளவு வைத்த ஸ்கோப் முன்னால் தள்ளியே மாட்டப்பட்டிருக்கும், நின்றதும் கண் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

சோதித்துப் பாருங்கள். கம்பில் நின்று, கன்னத்தை எடுக்காமல், முகட்டின் மேலேயே முகத்தை முன்னால் நகர்த்துங்கள். படம் தெளிந்தால் உயரம் சரி, தூரம்தான் பிழை. ரிங்கைத் தளர்த்தி ஸ்கோப்பை ஐந்து ஐந்து மி.மீ.யாகப் பின்னால் இழுங்கள். தெளியவில்லை, மேலோ கீழோ நகர்ந்தால்தான் தெளிகிறது என்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று. எங்கள் பையனுக்கு இரண்டுமே இருந்தன. உயரத்தைச் சரிசெய்த பிறகும் கம்பில் ஓரத்தில் ஒரு மெல்லிய நிழல் நின்றது. 8 மி.மீ. பின்னால் இழுத்ததும் போய்விட்டது.

நீங்கள் எந்த நிலையில் அதிகம் சுடுவீர்களோ அந்த நிலைக்கு அளவு வையுங்கள் என்பது என் கட்சி. நம் புதர்க்காட்டு வேட்டையில் அது கம்பில் நிற்பதுதான். அளவு வைத்த பிறகு படுத்தும் ஒருமுறை பாருங்கள், புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் இடையே பாதுகாப்பான இடைவெளி இருக்கிறதா என்று. உதை பலமான ரைஃபிள்களில் இதில் சமரசம் கூடாது.

"உருப்பெருக்கம் 3-இல் தெரிகிறது, 12-க்குத் திருப்பினால் கறுத்துவிடுகிறது"

ஸ்கோப்பில் பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்களை நான் தடுத்திருக்கிறேன். காலி ரைஃபிளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பின் லென்ஸைப் பாருங்கள். நடுவில் வெளிச்சமாக ஒரு சிறு வட்டம் மிதக்கும். படம் முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் கண்ணுக்கு வருகிறது. உருப்பெருக்க வளையத்தைத் திருப்பினால் அது சுருங்குவதைப் பார்க்கலாம். முன் லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அதன் விட்டம் வரும். 40 மி.மீ. லென்ஸ் 4-இல் 10 மி.மீ., 9-இல் 4.4 மி.மீ. 50 மி.மீ. லென்ஸ் 16-இல் 3.1 மி.மீ. பெரிய வட்டம் 5 மி.மீ. தவறான கண்ணை மன்னித்துவிடும், சிறிய வட்டம் மன்னிக்காது. ஆக, உயரப் பிழை முன்பே இருந்தது, 12 அதைக் காட்டிக்கொடுத்தது. படமெடுத்து அளந்து, ஒன்றிரண்டு மி.மீ. சரிசெய்யுங்கள். அந்த அளவுக்கு ரிங் கிடைக்காது, முகட்டில்தான் ஓர் அடுக்கு கூட்டவோ குறைக்கவோ வேண்டும். புதர்க்காட்டில் நடக்கும்போது வளையத்தை 4-க்குக் கீழே வைத்திருங்கள், தூரமான குறிக்கு நேரம் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

"சுட்டதும் கன்ன எலும்பில் அடிக்கிறது"

கன்னம் கட்டையில் பதியாமல் மிதந்துகொண்டிருந்தால், உதையில் கட்டை வந்து அதை அடிக்கும். அது முதல் கோளாறுதான், அங்கே போங்கள். கன்னம் நன்றாகப் பதிந்திருந்தும் வலித்தால் முகட்டின் சாய்வைப் பாருங்கள். ரைஃபிள் பின்னால் வரும்போது முகடு உங்கள் கன்னத்துக்குக் கீழே பின்னால் வழுக்குகிறது. முன்பக்கம் உயரமாக இருந்தால், வழுக்க வழுக்க அது கன்னத்துக்குள் ஏறும். முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் கன்னத்தை விட்டு விலகும். நுரை அடுக்கின் முன்பக்கத்தைத் தடிப்பாக விட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

புருவத்தில் ஸ்கோப் வெட்டினால் அது உயரப் பிரச்சினை அல்ல, தூரம். ஆனால் படத்தைத் தேடித் தலையை முன்னால் நீட்டும் பழக்கம் உயரப் பிழையிலிருந்துதான் பிறக்கிறது.

"மேசையில் ஒரு இடம், கம்பில் வேறு இடம் என்று குண்டு போகிறது"

ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, கட்டையைத் தொடாமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நீந்தினால் அது பாரலாக்ஸ். பாரலாக்ஸைத் திருத்தும் பக்கக் குமிழ் இல்லாத வேட்டை ஸ்கோப்புகளில் இதை வழக்கமாக 100 கெஜத்தை ஒட்டி நிலைநிறுத்தியிருப்பார்கள். அதைவிட்டு விலகிய தூரங்களில், கண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் வந்தால் குறியும் இடம் மாறும். 40 மி.மீ. ஸ்கோப்பில் 200 மீட்டரில் இது அதிகபட்சம் 2 செ.மீ. அளவுதான். உங்கள் குண்டு 8, 10 செ.மீ. விலகுகிறது என்றால் பாரலாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். ஸ்க்ரூக்களைப் பாருங்கள். முன் கூட்டுக்கும் குழலுக்கும் நடுவே 3 மி.மீ. ட்ரில் பிட்டின் பின்தண்டு தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். குழல் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே போதும் குண்டை அலையவிட.

"போல்ட் பிடி ஸ்கோப்பில் இடிக்கிறது"

ரிங்கைத் தாழ்த்தினவர்களுக்கு வருவது. போல்ட்டை மெதுவாக மட்டுமல்ல, வேகமாகவும், குளிர் கையுறையோடும் இயக்கிப் பாருங்கள். விரல் கணு பின் லென்ஸில் உரசினாலும் அது இடிப்பதுதான். பழைய மௌசர் 98 ராணுவ ரைஃபிள்களில் நேரான போல்ட் பிடியும், மேலே எழுந்து நிற்கும் பாதுகாப்புச் சிறகும் (சேஃப்டியும்) எந்தத் தாழ்ந்த ஸ்கோப்பையும் அனுமதிக்காது. பிடியை வளைப்பதும் சிறகை மாற்றுவதும் துப்பாக்கித் தச்சரின் வேலை, வீட்டில் செய்யக் கூடாதது. அதுவரை ரிங்கை உயர்த்தி, முகட்டையும் அதே அளவு உயர்த்திக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்களும், ஒரே ரைஃபிளைப் பகிர்கிறவர்களும்

இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைக் கவிழ்த்துச் சுட்டால், கண் கண்ணாடியின் மேல் சட்டத்தை ஒட்டிப் பார்க்கும். அங்கே பார்வை கலங்கும், வட்டத்தின் மேல்பகுதி சட்டத்தில் மறையும். ஐம்பதைத் தாண்டிய பலர் இதை ஸ்கோப்பின் குறை என்றே நினைக்கிறார்கள். பின் லென்ஸைத் திருப்பிக் குறுக்குக் கம்பியை முதலில் கூர்மையாக்குங்கள். அப்புறமும் தொல்லை என்றால் ரிங்கையும் முகட்டையும் சேர்த்தே 6, 8 மி.மீ. உயர்த்துங்கள். தலை நிமிரும், கண் கண்ணாடியின் நடுவழியே பார்க்கும்.

வீட்டில் இரண்டு பேர் ஒரே ரைஃபிளைச் சுடுவது நம் குடும்பங்களில் சாதாரணம். தென்னாப்பிரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி (2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண்), உரிமம் உள்ளவர் கூடவே நின்று பார்த்துக்கொள்ளும்போது இன்னொருவர் சுடலாம். முகங்கள்தான் ஒன்றாக இருக்காது. உயரமான கண் உள்ளவருக்கு ஏற்றபடி ரிங்கை வையுங்கள், மற்றவருக்கு முகட்டில் அடுக்கு சேர்க்கலாம். மாற்றி வைத்தால் தீர்வே இல்லை, ஏனென்றால் முகட்டை உயர்த்தலாம், ஆளுக்கு ஆள் ரிங்கை மாற்ற முடியாது.

மறுபடி பூட்டும்போது

ரைஃபிளை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்துங்கள். தோட்டத்தில் ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கம்பி அந்த நூலோடு ஒன்றும் வரை சுழற்றுங்கள். ரிங் மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க, ஸ்க்ரூக்களைக் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பெரும்பாலான ரிங் மூடிகளுக்கு 2 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு போதும், தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கைவலுவைக் காட்டி முறுக்கினால் ஸ்கோப் குழாயே நசுங்கும். முறுக்கி முடித்ததும் கண்மூடிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள், ரிங் பூட்டும்போது ஸ்கோப் முன்னே பின்னே நழுவுவது சகஜம்.

பிறகு ஸீரோ. உயரம் மாறினால் பழைய ஸீரோ செல்லாது. போனில் குண்டுப் பாதைக் கணக்குச் செயலி வைத்திருப்பவர்கள் குழலின் மையத்திலிருந்து ஸ்கோப்பின் மையம் வரை புதிதாக அளந்து அதில் மாற்றிவிடுங்கள். முகட்டை மட்டும் உயர்த்தியிருந்தாலும் மூன்று குண்டாவது சுட்டுப் பாருங்கள். மேசையில் ஸீரோ செய்து முடித்ததும், கம்பை நட்டு, நின்று, 100 மீட்டரில் இன்னொரு மூன்று. அந்த இரண்டு கூட்டமும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும்.

பையனுக்கு ஆகஸ்டில் அப்படி விழுந்தது. அடுக்கின் முன் முனை எங்கே முடிகிறது என்று கட்டையில் ஒரு சிறு வெள்ளை டேப் ஒட்டி வைத்திருக்கிறான். பேண்டேஜை அவிழ்த்துக் காயவைத்துத் திரும்பச் சுற்றும்போது, அந்த டேப்பில் தொடங்கி ஏழு சுற்று.